வெறுங்கையோடு எப்படி வருவது?

1849 ஏப்ரலில் கணவரை வழியனுப்பிவிட்டு, அன்றிரவு முழுவதும் கண்ணை மூட முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண், சில நாட்களுக்குள்ளேயே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நியூயார்க் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், நயாகரா ஆறு ஒண்டாரியோ ஏரியில் கலக்கும் இடத்தருகே இருக்கும் யங்ஸ்டவுன் என்ற சிற்றூரிலிருந்து சப்ரீனா ஸ்வெய்ன் எழுதிய கடிதம் அது. உலகத்தில் தான் மட்டும் தனித்து நிற்பதுபோல் இருக்கிறது என்கிறார். கைக்குழந்தை காலையில் விழித்ததும் அப்பாவோடு விளையாடலாம் என்று பக்கத்தில் பார்த்து ஏமாந்து போனதையும், யாரிடமும் போகாமல் தன்னையே ஒட்டிக்கொண்டு அழுவதையும் சொல்கிறார். பிரிவு இப்படித் தாங்க முடியாததாக இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் நீங்கள் போவதற்கு ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டேன் என்றும் ஒளிவு மறைவின்றி எழுதிவிடுகிறார்.

அவருடைய கணவர் வில்லியம் ஸ்வெய்ன் அப்போது தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போகும் வழியில் இருந்தார். அண்ணன் ஜார்ஜ் வீட்டில் தங்கித் தாயையும் பண்ணையையும் பார்த்துக்கொள்வது, வில்லியம் போய் ஓரிரு ஆண்டுகளில் பத்தாயிரம் டாலரோடு திரும்புவது என்பது குடும்பத்தின் ஏற்பாடு. வில்லியம் எழுதியவை, ஜார்ஜ் எழுதியவை, சப்ரீனா எழுதியவை என்று இரு பக்கத்துக் கடிதங்களும், வில்லியத்தின் நாட்குறிப்பும் மிஞ்சியிருப்பதுதான் இந்தக் குடும்பத்தின் சிறப்பு. இன்று அவை யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் இருக்கின்றன. தங்க வேட்டைக் காலத்துக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருந்தாலும் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கத்துக் குரல்தான் கேட்கும். போனவர் எழுதியதை வீட்டார் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். வீட்டார் எழுதியதோ கூடாரத்து மழையில் நனைந்தோ, முகாம் தீயில் எரிந்தோ போயிற்று.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1848 ஜனவரி 24 அன்று, கலிபோர்னியாவின் கொலோமா என்ற இடத்தில், ஜான் சட்டருக்காகக் கட்டப்பட்டுவந்த மரம் அறுக்கும் ஆலையின் வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்குகளைக் கண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் ஜேம்ஸ் போல்க் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் அதை உறுதிப்படுத்தியதும், கிழக்குக் கரையில் இருப்புக் கொள்ளாத ஆண்கள் கிளம்பினார்கள். 1849இல் மட்டும் ஏறத்தாழ 90,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அங்கே குடியேறப் போனவர்கள் அல்லர். போய், அள்ளி, திரும்பிவிடும் எண்ணத்தோடு கிளம்பியவர்கள். அவர்கள் கடிதங்களின் ஏக்கத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டென்றால், அது இங்கிருந்து வந்ததுதான். திரும்பி வர முடியாது என்ற துக்கம் அதில் இல்லை. திரும்பி வருவதாகச் சொன்ன தேதி தள்ளிக்கொண்டே போகிறது என்ற கூச்சமே இருக்கிறது. பொருள்வயிற் பிரிவு என்று தனித் துறையே வகுத்து வைத்த மொழி நம்முடையது என்பதால், தலைவன் குறித்துச் சென்ற பருவம் கடந்துபோவது என்ன செய்யும் என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வில்லியம் ஏரிகளின் வழியாகவும் ஆறுகளின் வழியாகவும் மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரை அடைந்து, மிச்சிகனிலிருந்து வந்திருந்த 'வுல்வரின் ரேஞ்சர்ஸ்' என்ற குழுவோடு சேர்ந்தார். மே மாதத்தில் வண்டிகள் புறப்பட்டன. அந்த ஆண்டு காலரா வண்டிகளோடு கூடவே பயணம் செய்தது. வழிநெடுகப் புதிய மண்மேடுகள். குறுக்கு வழி என்று நம்பி அவர்கள் திரும்பிய லாசன் பாதை உண்மையில் சுற்று வழி. குழு உடைந்து, வண்டியையும் பொருள்களையும் விட்டுவிட்டு, நவம்பர் மாதக் குளிரில் நடந்தே சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். வழியில் கியர்னி கோட்டை, லாரமி கோட்டை போன்ற இடங்களில் எழுதிப் போட்ட கடிதங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு யார், எங்கே பதில் எழுதுவது? ஏப்ரலில் கிளம்பியவர் கலிபோர்னியா மண்ணை மிதிக்கும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தது பதில் சொல்லாத ஒரு வீட்டோடு.

தபால் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் கடிதங்களின் தொனி புரியும். நியூயார்க்கில் போட்ட கடிதம் நீராவிக் கப்பலில் பனாமாவின் சாக்ரஸ் துறைக்கு வந்து, அங்கிருந்து படகிலும் கோவேறு கழுதை மீதும் நிலச்சந்தியைக் கடந்து, பனாமா நகரில் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, பசிபிக் கரையோரமாக சான்பிரான்சிஸ்கோவுக்கு ஏற வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எங்கேனும் ஒரு கப்பல் தவறினால் இன்னும் கூடுதல். இதற்கு ஓர் அரசியல் சான்றே இருக்கிறது. கலிபோர்னியா மாநிலமாக ஏற்கப்பட்டது 1850 செப்டம்பர் 9 அன்று. அந்தச் செய்தியைக் கப்பல் சான்பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவந்தது அக்டோபர் 18 அன்று. தான் மாநிலமாகிவிட்டது என்பதே ஒரு மாநிலத்துக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் தெரியவில்லை என்றால், குழந்தைக்குப் பல் முளைத்த செய்தி என்ன பாடு பட்டிருக்கும்!

கட்டணமும் கொஞ்சநஞ்சமல்ல. இரு கரைகளுக்கும் இடையே அரை அவுன்ஸ் எடைக்கு 40 சென்ட். கிழக்கே ஒரு கூலித் தொழிலாளியின் நாள் சம்பளம் ஏறத்தாழ ஒரு டாலராக இருந்த காலம் அது. அனுப்புபவர் முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. கட்டாமல் போட்டால் பெறுபவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கணவரின் கையெழுத்தைப் பார்க்க மனைவி 40 சென்ட் எண்ணி வைக்க வேண்டியிருந்த நாட்கள். அதனால் தாள் மெல்லியதாக இருக்கும். எழுதி முடித்த பக்கத்தை அப்படியே குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடியும் எழுதும் வழக்கமும் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு பக்கத்தின் படத்தை முதலில் பார்க்கும்போது பாயின் பின்னலைப் பார்ப்பதுபோல் இருக்கும். சற்று நேரம் உற்றுப் பார்த்தால் கண் ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளும்; கிடை வரிகள் தெளியும், நெடுவரிகள் பின்னால் ஒதுங்கும். மேல் அடுக்கில் சுரங்கத்துச் செய்தி, கீழ் அடுக்கில் வீட்டைப் பற்றிய விசாரிப்பு என்று ஒரே தாளில் இரண்டு ஊர்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். 1851 ஜூலையில் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டினால் ஆறு சென்ட் என்று குறைத்த பிறகுதான் மக்களுக்கு மூச்சு வந்தது.

சான்பிரான்சிஸ்கோவின் முதல் அஞ்சல் அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஜான் கியரி, 1849 ஏப்ரல் 1 அன்று ஏறத்தாழ 5,000 கடிதங்களோடு கப்பலில் வந்து இறங்கினார். அஞ்சல் நிலையம் என்று சொல்ல ஒரு கட்டடம் இல்லை. ஓர் அறையைப் பிடித்து, தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் போட்டுக் கடிதங்களைப் பிரித்து வைத்து, சன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பொந்து வழியாக வினியோகித்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. சில மாதங்களில் நிலைமை கைமீறிப் போனது. குன்றின் உச்சியிலிருந்து கப்பல் வருகிறது என்ற அடையாளம் தெரிந்ததும் ஊரே கடையைப் போட்டுவிட்டு ஓடும். எழுத்தர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இரவும் பகலும் பிரிப்பார்கள். வெளியே மழையிலும் சேற்றிலும் வரிசை நிற்கும். வரிசையில் நிற்பதையே தொழிலாக்கிக்கொண்டு, தனக்கு ஒரு கடிதமும் வராது என்று தெரிந்தும் விடியுமுன் வந்து நின்று, பிறகு அந்த இடத்தை விற்றுவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அந்த ஊரில் எது வேண்டுமானாலும் விலைக்குப் போயிற்று என்பதற்குப் பலர் சூதாட்டக் கூடங்களைச் சான்று காட்டுவார்கள். எனக்கு இந்த வரிசை போதும்.

இதுவும் நகரத்தில் இருந்தவர்களுக்குத்தான். மலைகளில், ஆற்றங்கரைகளில் இருந்தவர்களுக்கு அஞ்சல் நிலையமே இல்லை. ஒரு கடிதத்துக்காக வேலையை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய் வர யாருக்குக் கட்டுப்படியாகும்? அலெக்சாண்டர் டாட் என்பவர் தங்கம் தோண்ட வந்து, அந்த வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் 1849 கோடையில் கடிதம் சுமக்கும் தொழிலைத் தொடங்கினார். முகாம் முகாமாகப் போய்ப் பெயர்களைப் பதிந்துகொள்வார். பதிவுக்கு ஒரு டாலர். சான்பிரான்சிஸ்கோவில் அந்தப் பெயர்களுக்குக் கடிதம் இருந்தால் எடுத்து வந்து கொடுப்பார். ஒரு கடிதத்துக்கு ஓர் அவுன்ஸ் தங்கத்தூள். அன்றைய மதிப்பில் 16 டாலர். பேரம் பேசாமல் எடை போட்டுக் கொடுத்தார்கள். ஆற்றில் இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று ஒரு நாள் முழுவதும் சலித்துச் சேர்த்ததை, வீட்டில் யார் சளியோடு இருக்கிறார்கள், எந்தப் பசு கன்று போட்டது என்று தெரிந்துகொள்வதற்காகக் கொடுத்தார்கள். ஏக்கத்துக்கு அன்று சந்தையில் இருந்த விலை இதுதான். கவிதை எழுதாத, மனத்தைத் திறந்து பேசப் பழகாத ஆண்களின் உள்ளத்தை இந்தக் கணக்கு காட்டுவதுபோல் அவர்கள் எழுதிய எந்த உருக்கமான வரியும் காட்டுவதில்லை என்பது என் எண்ணம்.

கடிதங்களின் உள்ளே போனால் முதலில் ஏமாற்றமே. அந்தக் காலத்து ஆங்கிலக் கடிதங்களுக்கு ஒரு வாய்பாட்டுத் தொடக்கம் உண்டு: நான் நலமாக இருக்கிறேன், இந்தச் சில வரிகள் உங்களையும் அதே நலத்தோடு காணும் என்று நம்புகிறேன் என்ற பொருளில். 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கும் கடிதங்களோடு வளர்ந்தவன் நான். அப்பா எண்பதுகளில் குவைத்தில் இருந்தார். அவர் கடிதம் வந்தால் அம்மா அதைக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் வாசித்துக் காட்டுவார். அடுத்த வீட்டுக்காரரும் வந்துவிடுவார். எல்லோர் காதிலும் விழப்போகிறது என்று தெரிந்தே எழுதப்பட்ட கடிதத்தில் என்ன இருக்கும்? எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பதும், வரைவோலை அனுப்பிய விவரமும், மழை பெய்ததா என்ற கேள்வியும்தான். கலிபோர்னியாக் கடிதங்களும் இப்படித்தான் வாசிக்கப்பட்டன. சகோதரனுக்கு எழுதியது குடும்பம் முழுவதற்கும் எழுதியது. குடும்பத்துக்கு எழுதியதை ஊர்க்காரர்கள் வாங்கிப் படித்தார்கள். சற்றுச் சுவையாக இருந்தால் உள்ளூர்ப் பத்திரிகை அச்சிட்டது. தன் அழுகை நாளை அச்சில் வரக்கூடும் என்று அஞ்சும் மனிதர் அழமாட்டார். ஆகவே இந்தக் கடிதங்களில் ஏக்கத்தை அது பேசப்படும் இடத்தில் தேடினால் கிடைக்காது. விசாரிப்புகளில் தேட வேண்டும். கோதுமை என்ன விலைக்குப் போயிற்று, வேலியைச் சரி செய்தாயா, குழந்தை என்னை அடையாளம் கண்டுகொள்ளுமா என்ற கேள்விகளில், ஒரு மனிதர் தன் வீட்டின் அறை ஒவ்வொன்றையும் மனத்தால் நடந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

இன்னொன்று, வீட்டு வேலை. ஆண்கள் மட்டுமே இருந்த முகாம்களில் சமைப்பது, துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது எல்லாம் அவர்கள் தலையிலேயே விழுந்தது. ரொட்டி சுடுவதற்குக் கற்றுக்கொண்டதையும், சட்டை துவைத்துக் கை தோலுரிந்ததையும் வேடிக்கைபோல எழுதுவார்கள். மாவும் பன்றியிறைச்சியும் காய்ந்த பீன்ஸுமாகவே மாதக்கணக்கில் ஓடும். காய்கறி இல்லாததால் ஸ்கர்வி வரும். பல் ஈறு வீங்கும். ஒரு முட்டை ஒரு டாலருக்கும் அதற்கு மேலும் விற்ற நாட்கள் உண்டு. அம்மாவின் கைச்சமையலை நினைத்து எழுதப்பட்ட வரிகள் வெறும் பாசம் மட்டுமல்ல. உடம்பு உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

வில்லியம் ஃபெதர் ஆற்றின் தெற்குக் கிளையில் கூட்டாளிகளோடு மரக் குடிசை கட்டிக்கொண்டு மழைக்காலத்தைக் கழித்தார். 1850 ஜனவரியில் ஜார்ஜுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பிழைப்பு நாய்ப் பிழைப்பு என்றே சொல்லிவிடுகிறார். ஜார்ஜும் பின்னால் வருவது பற்றி முன்பு பேச்சு இருந்திருக்கிறது. கடவுள்மேல் ஆணையாக அந்த நினைப்பே வேண்டாம், வீட்டிலேயே இரு, வர நினைப்பவர்களிடமும் சொல், இந்த வழியிலும் இந்த நாட்டிலும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் எலும்புகளைப் போட்டிருக்கிறார்கள், இன்னும் போடுவார்கள் என்று எழுதுகிறார். ஆனால் இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் அந்த மாதமே கிளம்பிவிடவில்லை. மேலும் பத்து மாதங்கள் இருந்தார். இந்த இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது.

ஏன் கிளம்பவில்லை? கையில் ஒரு கணக்கு இருந்தது. வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீட்டின்படி, ஒரு சுரங்கக்காரரின் சராசரி நாள் வருவாய் 1848இல் 20 டாலர், 1849இல் 16, 1850இல் 10, 1852இல் 6 என்று இறங்கிக்கொண்டே போனது. கிழக்கே கிடைத்த கூலியோடு ஒப்பிட்டால் பத்து டாலர் பெருந்தொகை. கலிபோர்னியா விலைவாசியில் சாப்பிட்டு, மழைநாளும் நோய்நாளும் போக மிஞ்சுவது என்ன என்று பார்த்தால் கதை வேறு. ஆயினும் ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது 1848இன் கதைகள்தான். தாங்கள் எழுதிய நம்பிக்கைக் கடிதங்களே ஊரில் தங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும் நிலை அவர்களுடையது. வெறுங்கையோடு எப்படி ஊருக்குப் போய் நாலு பேர் முகத்தில் விழிப்பது என்ற கேள்வி, நேராக எழுதப்படாமலே பக்கத்துக்குப் பக்கம் ஓடுகிறது. கோடைக்குப் பிறகு வருவேன், அணை முடிந்ததும் வருவேன், அடுத்த மழைக்குள் வருவேன்.

அந்த அணைகள் ஒரு தனிச் சூது. ஆற்றின் படுகையில்தான் தங்கம் படிந்திருக்கும் என்பதால், பலர் கூட்டுச் சேர்ந்து, மாதக்கணக்கில் பாறையை உடைத்து வாய்க்கால் வெட்டி, அணை கட்டி, ஆற்றையே ஒதுக்கிவிட்டு அடியைத் தோண்டுவார்கள். அந்த மாதங்களில் ஒரு காசு வரவு இல்லை. ஆறு ஒதுங்கிய பிறகு அடியில் கூழாங்கல் மட்டுமே இருக்கலாம். இலையுதிர்கால மழை முந்திக்கொண்டு வந்து அணையை அடித்துக்கொண்டும் போகலாம். 1850 கோடையில் ஸ்வெய்னின் கூட்டமும் இப்படி உழைத்தது. படுகை அவர்களுக்குக் கொடுத்தது சொற்பம். நாள்கூலிக்காரனாவது மாலையில் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடலாம். அணைக்காரனுக்கு ஆற்றை ஒதுக்கி அடியைப் பார்க்கும்வரை தோல்வி தெரியாது. ஆகவே வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் அவன் பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நம்பிக்கை உண்மையாகவே இருந்தது. அது ஆற்றுக்கு அடியில் இருந்தது.

இந்த மனநிலை எவ்வளவு பொதுவானது என்பதற்குச் சான்று, 1853இல் ஜேம்ஸ் ஹட்சிங்ஸ் வெளியிட்ட 'சுரங்கக்காரரின் பத்துக் கட்டளைகள்' என்ற அச்சுத்தாள். பைபிளின் கட்டளைகளைக் கிண்டலாகத் திருப்பி எழுதிய அந்தப் படத்தாளை வாங்கி வீட்டுக்குக் கடிதமாக அனுப்பும் மோகம் பரவி, ஓராண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் படிகள் விற்றதாகச் சொல்வார்கள். குவியல் சேரும்வரை மனம் தளரக் கூடாது, வீட்டுக்குப் போக நினைக்கக் கூடாது என்பது அதில் உள்ள ஒரு கட்டளை. தானாக எழுத வராததை அச்சடித்த சிரிப்பாக வாங்கி அனுப்பிவிட்டார்கள். சிலர் உறைக்குள் ஒரு சிட்டிகை தங்கத்தூளையும் வைத்தார்கள். சில நூறு டாலர் அனுப்ப முடியாதவர் அனுப்பிய அந்தச் சிட்டிகையைத் தான் இங்கே சும்மா இருக்கவில்லை என்பதற்கான அத்தாட்சியாகவே நான் பார்க்கிறேன்.

வீட்டிலிருந்தவர்களின் கணக்கு வேறு. கலிபோர்னியா விதவைகள் என்றே அந்தப் பெண்களுக்கு ஊரில் பெயர் வந்துவிட்டது. கணவர் கடன் வாங்கிக் கிளம்பியிருந்தால் வட்டி கட்டுவதும், அறுவடைக்கு ஆள் பிடிப்பதும், நிலத்தை விற்கலாமா என்று முடிவெடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் பருவமே மாறிவிடும் என்பதால், கேட்காமலே முடிவெடுக்கப் பழகினார்கள். தான் இல்லாமல் வீடு நடக்கிறது என்பது தூரத்தில் இருப்பவருக்கு நிம்மதியா, காயமா என்பதற்குக் கணவர்களின் பதில் கடிதங்களில் இரண்டு விதமாகவும் சான்று இருக்கிறது. சப்ரீனாவுக்கு அவ்வளவு தனிச் சுமை இல்லை. ஜார்ஜும் மாமியாரும் உடனிருந்தார்கள். அதனால்தானோ என்னவோ அவரால் தன் ஏக்கத்தை நேரடியாக எழுத முடிந்தது.

எழுதாமல் விட்டவர்களும் ஏராளம். உரிமை கோரப்படாத கடிதங்களின் பெயர்ப்பட்டியலைச் சான்பிரான்சிஸ்கோப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக அச்சிட்டன. அதில் பெயர் வந்தவர்களில் சிலர் வேறு ஆற்றுக்கு நகர்ந்திருப்பார்கள், சிலர் செத்திருப்பார்கள், சிலர் வேண்டுமென்றே வாங்காமல் விட்டிருப்பார்கள். வீட்டாருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

தங்க வேட்டைக் கடிதம் என்றதும் ஆங்கிலத்தில் எழுதியவர்களே நினைவுக்கு வருவது முழுமையான சித்திரம் ஆகாது. 1852இல் மட்டும் ஏறத்தாழ 20,000 சீனர்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்தின் முத்துநதிக் கழிமுகத்து மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பேச்சில் கலிபோர்னியாவின் பெயரே தங்கமலை. அதே ஆண்டில் அயல்நாட்டுச் சுரங்கக்காரர்கள்மேல் விதிக்கப்பட்ட மாத வரி மூன்று டாலர் பெரும்பாலும் இவர்களிடமே வசூலிக்கப்பட்டது. பலருக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் சொல்லி எழுத வைத்து, பணத்தோடு சேர்த்து, ஊருக்குப் போகும் நம்பகமானவரிடமோ ஊர்ச்சங்கத்துக்கு வேண்டிய வணிகரிடமோ கொடுத்தனுப்புவார்கள். ஊரிலும் படிக்கத் தெரிந்த ஒருவர்தான் வாசித்துக் காட்ட வேண்டும். இரு முனையிலும் அந்நியக் காதும் அந்நிய வாயும் நடுவில் நிற்க, ஒரு மனிதர் தன் மனைவிக்கு என்ன சொல்லிவிட முடியும்? தொகை சொல்லலாம், தம்பியின் படிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அங்கேயே இறந்தவர்களின் எலும்புகளைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டியெடுத்து, சுத்தம் செய்து, பெயர் எழுதிச் சொந்த ஊருக்குக் கப்பலில் அனுப்பும் ஏற்பாட்டை இந்தச் சங்கங்கள் செய்தன. கிழக்குக் கரையிலிருந்து வந்த அமெரிக்கச் சுரங்கக்காரருக்கு அந்த வாய்ப்புகூட இருக்கவில்லை.

இத்தனை கடிதங்களையும் வாசிக்கும்போது எனக்குள் நெருடிக்கொண்டே இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வீடு, வீடு என்று ஏங்கியவர்கள் உட்கார்ந்து எழுதிய ஆற்றங்கரைகள் யாரோ ஒருவரின் வீடாக இருந்தவை. கலிபோர்னியாவின் பூர்வகுடி மக்கள் 1840களின் பிற்பாதியில் ஏறத்தாழ 1,50,000 பேர். 1870 வாக்கில் ஏறத்தாழ 30,000 பேரே மிஞ்சினார்கள். நோய், பட்டினி, கொத்தடிமைத்தனம், நேரடிக் கொலை எல்லாம் அதில் அடக்கம். சால்மன் மீன் ஏறி வந்த ஆறுகளை அணை கட்டித் திருப்பியதும், ஓக் மரங்களை வெட்டியதும் அவர்கள் சோற்றில் மண் போட்டதுதான். ஊர்க் கோதுமை விலையை அவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் கடிதங்கள், எதிர்க்கரையில் குடிசையை விட்டு ஓடியவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதுவே அதிகம். எழுதுவதும் பெரும்பாலும் அருவருப்போடு. ஏக்கம் மனிதரைக் கனிய வைக்கும் என்று பொதுவாகச் சொல்வதை நான் நம்பாததற்கு இந்தக் கடிதங்களே காரணம்.

வில்லியம் ஸ்வெய்னுக்கு வருகிறேன். 1850 நவம்பரில் அவர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து எழுதினார். கலிபோர்னியா போதும், முடிந்த வேகத்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்பது அதன் சாரம். தேதி தள்ளவில்லை, அணை பற்றிய வாக்குறுதி இல்லை. பத்தாயிரத்தின் அருகில்கூட வராத ஒரு சிறு தொகையோடு வருவதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஒன்றரை ஆண்டுக் கடிதங்களில் அவர் எழுதியவற்றுள் மிகவும் துணிச்சலானது இதுவே என்பேன். மலை ஏறியதற்கும் பாலைவனம் கடந்ததற்கும் கூட்டாளிகளின் துணை இருந்தது. இதற்கு யாரும் துணை இல்லை. கப்பலேறி, பனாமாவைக் கடந்து, வழியில் நோயில் விழுந்து எழுந்து, 1851 பிப்ரவரியில் யங்ஸ்டவுன் வந்து சேர்ந்தார். குழந்தை எலைசாவுக்கு அவர் புதிய ஆள்.

ஊரார் என்ன பேசினார்கள் என்பது கடிதங்களில் இல்லை, எழுத வேண்டிய தேவையே தீர்ந்துவிட்டது. அவர் மறுபடி மேற்கே போகவில்லை. நயாகரா மாவட்டத்தின் மண்ணிலேயே பீச் பழத்தோட்டம் போட்டு, காலப்போக்கில் அந்தப் பகுதியின் மிகப்பெரிய பீச் விவசாயி ஆனார்.